கேன் தண்ணீரில் செடித் தொட்டி: சீகெம் ஈக்விலிப்ரியம் நம் கரைக்குத் தேவையா?

இராமநாதபுரம் கரையோரத்தில் செடித் தொட்டி, அதாவது மீனோடு நீர்ச்செடியும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, வைக்கிறவர்கள் விளக்கு எது, வடிகட்டி எது என்று அலசி ஆராய்கிறார்கள். தண்ணீரைப் பற்றிக் கடைசியில்தான் கேட்கிறார்கள். இங்கே முதலில் கேட்க வேண்டியதே அதுதான். தேவிபட்டினத்திலிருந்து ஏர்வாடி வரை பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில்தான் வரும், குளோரினோடு வரும். கடைசியில் எல்லோரும் போய் நிற்கிற இடம் 20 லிட்டர் கேன். கேனில் இருப்பது ஆர்ஓ தண்ணீர். உப்பைக் கழிக்கிற அதே சவ்வு, செடிக்கு வேண்டிய கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே கழித்துவிடுகிறது. அவற்றைத் திருப்பிப் போடுவதற்கென்று விற்கும் தூள்தான் சீகெம் நிறுவனத்தின் ஈக்விலிப்ரியம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தொட்டியை முழுக்க முழுக்க கேன் தண்ணீரிலோ வீட்டு ஆர்ஓ தண்ணீரிலோ நடத்துகிறவர்களுக்கு இது நம்பி வாங்கக்கூடிய பொருள். அளவு சுலபம், உள்ளடக்கம் நேர்மை, ஒரு டப்பா நெடுநாள் வரும். ஆனால் உப்பில்லாத நல்ல தண்ணீர்க் கிணறு உள்ளவர்களுக்கு இது வீண் செலவு. வாங்கியவர்களும் இதை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. இது கொடுக்காத இரண்டு விஷயங்கள் உண்டு; அவற்றை விட்டுவிட்டால் தொட்டி சில வாரத்தில் படுத்துவிடும்.

டப்பாவில் அச்சிட்ட உள்ளடக்கத்தைப் பாருங்கள்: பொட்டாசியம் 19.5 சதவீதம், கால்சியம் 8.06, மக்னீசியம் 2.41, இரும்பு 0.11, மாங்கனீசு 0.06. இவை சல்பேட் உப்புகளாக வருகின்றன. சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, இதில் இல்லை. ஏற்கெனவே உப்போடு மல்லுக்கட்டும் நம் ஊருக்கு அது பெரிய நிம்மதி. 80 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, 16 கிராம் போட்டால் பொதுக் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த அளவைச் சொல்லும் ஜிஎச், 3 டிகிரி ஏறும் என்பது நிறுவனத்தின் கணக்கு. சதவீதத்தை வைத்துத் தனியாகப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவருகிறது. லிட்டருக்கு 200 மில்லிகிராம் தூளில் 16 மில்லிகிராம் கால்சியமும் ஏறக்குறைய 5 மில்லிகிராம் மக்னீசியமும் கிடைக்கும். முதலாவது 2 டிகிரிக்குச் சற்று மேல், இரண்டாவது 1 டிகிரி.

இதைக் கேன் கணக்குக்கு மாற்றினால் வேலை இன்னும் எளிது. ஒரு கேனுக்கு 4 கிராம் போட்டால் 3 டிகிரி. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, சுமார் 5.3 கிராம், போட்டால் 4 டிகிரி. செடிகளுக்கும் சிறு மீன்களுக்கும் 4 டிகிரி தாராளம். 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரமுள்ள தொட்டியில் சரளையும் கட்டையும் போக 55 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும். முதல் நிரப்பலுக்கு மூன்று கேன், மூன்று தேக்கரண்டி. அதன்பின் வாரம் ஒரு கேன் மாற்றினால் 300 கிராம் டப்பா ஓராண்டுக்கு மேல் வரும். நகை எடைபோடும் சிறு மின் தராசு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தேக்கரண்டி வீட்டுக்கு வீடு மாறும், கிராம் மாறாது.

கலக்கும்போதுதான் பலர் பயந்துவிடுகிறார்கள். தூளை வாளித் தண்ணீரில் தூவியதும் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெண்மையாகக் கலங்கும். கையை விட்டுக் கலக்கினால் அடியில் நறநறவென்று மணல் தட்டும். பொட்டாசியமும் மக்னீசியமும் கரைந்துவிட்டன, கால்சியம் சல்பேட் மட்டும் நிற்கிறது என்று பொருள். கால்சியம் சல்பேட் லிட்டருக்கு இரண்டு கிராம் சொச்சத்துக்கு மேல் கரையாது, கரைவதும் மெதுவாகத்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் 16 கிராமைக் கரைக்கப் பார்த்தால் எவ்வளவு நேரம் கிண்டினாலும் அடியில் தங்கும். அந்த வண்டலைக் கொட்டிவிட்டால் காசு கொடுத்து வாங்கிய கால்சியத்தையே கொட்டியதாகும். எனவே கேன் முழுவதையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றுங்கள், தூளைப் போடுங்கள், காற்றுக் குமிழி விடும் காற்றுக் கல்லை உள்ளே விட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் தண்ணீர் தெளிந்திருக்கும். நேரே தொட்டியில் தூவினால் மீனுக்குப் பெரிய ஆபத்து இல்லையென்றாலும் வெண்படலம் இலைமேல் உட்காரும், ஜிஎச் ஒரே மூச்சில் ஏறும். அதைத் தவிர்ப்பதே நல்லது.

இனி, இது கொடுக்காதவை. முதலாவது கார்பனேட் கடினத்தன்மை, கேஎச். தண்ணீர் அமிலமாகிவிடாமல் தாங்கிப் பிடிக்கும் காரத்தன்மை இது. ஈக்விலிப்ரியத்தில் கார்பனேட்டும் இல்லை, பைகார்பனேட்டும் இல்லை. ஆர்ஓ தண்ணீரில் கேஎச் பெரும்பாலும் பூஜ்யம் அல்லது ஒன்று. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது இந்தக் காரத்தன்மையைத்தான் தின்கின்றன. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 7 மில்லிகிராமுக்கும் மேல் காரத்தன்மை செலவாகும். ஒரு டிகிரி கேஎச் என்பதே லிட்டருக்கு 17.9 மில்லிகிராம்தான். கையிருப்பு தீர்ந்ததும் பிஎச் சரியும், அதாவது தண்ணீர் அமிலமாகும். 6க்குக் கீழே போனால் அந்த நுண்ணுயிர்களின் வேகமும் விழும். தொட்டி பார்க்கத் தெளிவாக இருக்கும், மீன் மட்டும் ஒதுங்கி நிற்கும். இதற்கு மருந்து சமையலறையிலேயே இருக்கிறது. ஒரு கேனுக்குக் கால் தேக்கரண்டி, 1.2 கிராம், ஆப்ப சோடா போட்டால் கேஎச் 2 டிகிரி ஏறும். சோடியம் லிட்டருக்கு 16 மில்லிகிராம் கூடும், அது பொருட்டே இல்லை. சோடியமே வேண்டாம் என்பவர்கள் பொட்டாசியம் பைகார்பனேட் 1.4 கிராம் போடலாம். ஆனால் இந்தத் தூள் ஏற்கெனவே பொட்டாசியத்தை அள்ளிக்கொடுப்பதால் ஆப்ப சோடாவே பொருத்தம்.

ஒரு விதிவிலக்கு. செடித் தொட்டிக்கென்றே விற்கும் ஏடிஏ அமேசோனியா போன்ற மண் உருண்டைகளை அடியில் போட்டிருந்தால் ஆப்ப சோடா போடாதீர்கள். அந்த மண் கேஎச்சை உறிஞ்சி பிஎச்சை இறக்கி வைக்கும் தன்மை உள்ளது. நீங்கள் போடப் போட அது உறிஞ்சும், அதன் ஆயுள்தான் குறையும்.

இரண்டாவது, நைட்ரஜனும் பாஸ்பரசும். டப்பாவில் செடிப் படம் இருப்பதால் இது உரம் என்று நினைத்துவிடக் கூடாது. இரும்பு 0.11 சதவீதம் என்பது 3 டிகிரி அளவில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் சொச்சம், அதுவும் காற்றுப்பட்ட தண்ணீரில் சீக்கிரமே துருவாகி வீழ்ந்துவிடும். நுண்ணூட்டத்தைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

குறை என்று நேரடியாகச் சொல்ல வேண்டியது பொட்டாசியத்தின் அளவு. 3 டிகிரி ஏற்றினால் லிட்டருக்கு 39 மில்லிகிராம், 4 டிகிரிக்கு 52. செடிக்கு இதில் ஒரு சிறு பகுதியே போதும். மீனுக்குத் தீங்கில்லை, ஆனால் மேற்கொண்டு பொட்டாசியம் சல்பேட்டோ பொட்டாசியம் தனி உரமோ ஊற்றுவது அர்த்தமற்றது. இந்தத் தூள் போடும் தொட்டியில் பொட்டாசியக் குறை என்று ஒன்று வரவே வாய்ப்பில்லை. பழைய இலையில் ஓட்டை விழுந்தால் காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள். 8, 10 டிகிரி என்று உயரமாக ஏற்ற நினைப்பவர்களுக்கும் இது ஏற்ற பொருளல்ல, அந்த அளவில் பொட்டாசியம் நூறைத் தாண்டிவிடும்.

யாருக்குத் தேவையில்லை?

இராமேஸ்வரம் தீவிலும் மண்டபம் பக்கத்திலும் மணல்பாங்கான இடங்களில் ஆழமில்லாத கிணறுகள் நல்ல தண்ணீர் கொடுக்கும். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகப் போர் போட்டால் அடியிலுள்ள உப்பு ஏறும். மேலாக அள்ளினால் இனிக்கும். இந்தக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் சிப்பியும் பவளத் துகளும் கலந்த மணலில் ஊறி வருவதால் கடினத்தன்மை அதிகம். இதைக் கேன் தண்ணீரோடு கலந்தாலே ஈக்விலிப்ரியமும் ஆப்ப சோடாவும் செய்யும் வேலை நடந்துவிடும். கிணற்றில் ஜிஎச் 20, கேஎச் 15 என்றால், ஒரு பங்குக்கு மூன்று பங்கு கேன் தண்ணீர் சேர்த்தால் ஜிஎச் 5, கேஎச் 4க்குச் சற்றுக் குறைவு. செலவு ஏதுமில்லை. இப்படிப்பட்ட கிணறு வைத்திருப்பவர் வெளிநாட்டுத் தூளை வாங்குவது தேவையற்றது.

உங்கள் கிணறு அந்த வகையா என்று நாக்கை நம்பாதீர்கள். தண்ணீரில் கரைந்தவற்றின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனாவும் தனியாகப் போதாது. அது தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கால்சியமா சோடியமா என்று அதற்குத் தெரியாது. கூடவே சொட்டு சோதனைப் பெட்டி ஒன்று வேண்டும். ஏபிஐ நிறுவனத்தின் ஜிஎச், கேஎச் பெட்டி இதற்குப் போதும். குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். கேஎச் சோதனையில் நீலம் மஞ்சளாகும், ஜிஎச் சோதனையில் ஆரஞ்சு பச்சையாகும். நிறம் மாறிய சொட்டின் எண்ணிக்கையே டிகிரி. ஆர்ஓ போன்ற மென்மையான தண்ணீருக்கு 10 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு சொட்டு அரை டிகிரி, கணக்கு துல்லியமாகும். முதல் சொட்டிலேயே கேஎச் குழாய் மஞ்சளானால் காரத்தன்மை கிட்டத்தட்ட இல்லை என்று அர்த்தம்.

இப்போது இரண்டு கருவியையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஜிஎச் எண்ணை 17.9ஆல் பெருக்குங்கள். 20 டிகிரி என்றால் லிட்டருக்கு 358 மில்லிகிராம். பேனா 450, 500 என்று காட்டினால் பெரும்பகுதி கடினத்தன்மைதான், கலந்து பயன்படுத்தலாம். பேனா 1,800 காட்டினால் மிச்சமெல்லாம் உப்பு. அதைப் பத்தில் ஒரு பங்கு கலந்தாலும் 180 வரும், அதில் செடிக்குப் பயன்படுவது கொஞ்சமே. அந்தத் தண்ணீரை மறந்துவிட்டு டப்பாவை வாங்குங்கள். சந்தேகமிருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். அறிக்கையில் கடினத்தன்மை மில்லிகிராமில் இருக்கும், 17.9ஆல் வகுத்தால் டிகிரி. உப்பைக் காட்டும் குளோரைடு எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பார்த்தது ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கிணறு இளகும், சித்திரை வைகாசியில் இறுகும். பருவத்துக்கு ஒருமுறையாவது சொட்டுவிட்டுப் பார்க்க வேண்டும்.

காவிரித் தண்ணீர் தடையின்றி வரும் வீடென்றால் அதையும் இதேபோல் சோதித்துவிட்டு நேரடியாகவோ கலந்தோ பயன்படுத்தலாம். குளோரினை மட்டும் எடுக்க வேண்டும். குளோரின் நீக்கும் திரவமான சீகெம் பிரைம் 200 லிட்டருக்கு 5 மில்லி, அதாவது ஒரு 20 லிட்டர் வாளிக்கு அரை மில்லி. ஊசிக்குழலால் அளந்து விடுங்கள்.

வீட்டு ஆர்ஓ கருவி வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பல கருவிகளில் சுவைக்காக மூலத் தண்ணீரைச் சிறிது கலந்துவிடும் டிடிஎஸ் திருகு இருக்கும். மூலம் உப்புப் போர் என்றால் அந்தத் திருகு உங்கள் தொட்டிக்கு உப்பைத்தான் அனுப்பும், அதை மூடிவிட்டுப் பிடியுங்கள். வீட்டில் தண்ணீர் மென்மையாக்கும் சாஃப்ட்னர் இருந்தால் அதன் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கவே வேண்டாம். அது கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. ஜிஎச் பூஜ்யம் காட்டும், பேனாவில் எண் குறையவே குறையாது.

கையால் கலக்க முடியாதா?

முடியும், அதையும் சொல்லிவிடுவது நியாயம். ஒரு கேனுக்குக் கால்சியம் சல்பேட் டைஹைட்ரேட், அதாவது ஜிப்சம், 1.2 கிராம், எப்சம் உப்பு 0.9 கிராம் போட்டால் ஜிஎச் 3 டிகிரி ஏறும். கால்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் உள்ள விகிதம் ஈக்விலிப்ரியத்தில் உள்ளதேதான், பொட்டாசியம் மட்டும் வராது. அதற்கு உரக்கடையில் 0-0-50 என்று விற்கும் பொட்டாசியம் சல்பேட் 0.45 கிராம் சேர்த்தால் லிட்டருக்கு 10 மில்லிகிராம், அது போதுமான அளவு. எப்சம் உப்பு உரக்கடையில் மக்னீசியம் சல்பேட் என்ற பெயரிலேயே கிடைக்கும். ஜிப்சத்தை மட்டும் வயலுக்குப் போடும் மூட்டையிலிருந்து எடுக்காதீர்கள், அதில் மண்ணும் மற்றதும் கலந்திருக்கும். ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் தூய்மையானதாக வாங்குங்கள். தராசும் பொறுமையும் உள்ளவருக்கு இது ஈக்விலிப்ரியத்தைவிட நல்ல கலவை என்பது எங்கள் கருத்து, விலையும் மிகக் குறைவு. பத்தில் ஒரு கிராம் அளக்கத் தயங்குகிறவர்களும், ஒரே ஒரு தொட்டி வைத்திருப்பவர்களும் டப்பாவோடு இருப்பதே மேல்.

தொட்டியின் மற்ற பாகங்களும் தூளின் பலனைத் தீர்மானிக்கின்றன. முதலில் அடிமண். கடற்கரை மணலையோ அலையில் ஒதுங்கிய சிப்பியையோ உள்ளே போட்டுவிட்டால் மேலே சொன்ன அளவெல்லாம் பாழ். அது ஓயாமல் கரைந்து ஜிஎச்சையும் கேஎச்சையும் ஏற்றிக்கொண்டே போகும். எந்தக் கல்லையும் மணலையும் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு. பவளக்கல்லும் கடல்விசிறியும் அழகுக்குக்கூட வேண்டாம். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறை நம் மீனவர் வீட்டு அடுப்போடு தொடர்புள்ளது. அதைத் தொட்டிக்குள் வைக்க ஒரு நியாயமும் கிடையாது.

மண் உருண்டையா, வெறும் சரளையா என்றால் இந்தக் கரைக்குச் சரளைக்கே எங்கள் ஓட்டு. மண் உருண்டை முதல் சில வாரங்கள் அம்மோனியா கக்கும், வாரம் இரண்டு மூன்று முறை பாதித் தண்ணீர் மாற்றச் சொல்வார்கள். கேனாகக் கணக்கிட்டால் வாரம் நான்கு கேன் போகும். 1 முதல் 3 மில்லிமீட்டர் சிலிக்கா சரளை இரண்டடித் தொட்டிக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு 13, 14 கிலோ பிடிக்கும். வேர் உண்ணும் செடிகளின் அடியில் மட்டும் உர மாத்திரை புதைத்தால் போதும்.

செடியில் கிரிப்டோகோரைன் வென்டியைத்தான் முதலில் சொல்வோம். பாக் நீரிணைக்கு அக்கரையில், இலங்கையின் ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வளரும் செடி அது. நம் வெப்பத்தைத் தாங்கும், வெளிச்சம் குறைவாக இருந்தாலும் பொறுக்கும். நட்ட முதல் இரண்டு வாரத்தில் இலை கண்ணாடிபோல் தெரிந்து கரைந்து விழுந்தால் பிடுங்கி எறியாதீர்கள். வேர் உயிரோடு இருக்கும், புதிய தண்ணீருக்கு ஏற்ற இலையை அது மறுபடி விடும். வாலிஸ்நேரியா கேஎச் உள்ள தண்ணீரை விரும்பும் செடி, பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். ஆப்ப சோடா போடாத கேன் தண்ணீரில் அது சோர்வதற்குக் காரணம் இதுதான். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கட்டையில் கட்டுங்கள், தண்டுக்கிழங்கை மண்ணில் புதைத்தால் அழுகும். விளக்கு 20 வாட் அளவில் 6500 கெல்வின் எல்இடி, நேரக்கருவி போட்டு முதல் மாதம் ஆறு மணி நேரம். அதற்கு மேல் எரித்தால் செடியைவிடப் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

வெப்பம் தனிப் பிரச்சினை. கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் பிராணவாயு கரையும், 30இல் 7.6தான். மேற்பரப்பில் சிறு மின்விசிறி வைத்தால் ஓரிரு டிகிரி இறங்கும். காய்ந்த கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பலன் நன்றாகத் தெரியும், ஈரம் மண்டிய நாளில் குறையும். ஆனால் விசிறி வைத்தால் நாளுக்கு ஒரு லிட்டர்கூட ஆவியாகலாம். இங்கேதான் ஈக்விலிப்ரியம் வாங்கியவர்கள் தவறுவது அதிகம். ஆவியாவது வெறும் தண்ணீர், தாது தொட்டியிலேயே தங்குகிறது. எனவே குறைந்த மட்டத்தை நிரப்ப வெறும் கேன் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். தூள் கலந்த தண்ணீர் மாற்றும் நாளுக்குத்தான். வாரம் ஏழு லிட்டர் தூள் கலந்த தண்ணீரால் நிரப்பினால் அதுவே ஜிஎச்சை அரை டிகிரி ஏற்றும். கண்ணாடியில் மட்டத்தைக் குறித்து வையுங்கள். தண்ணீர் மாற்றும்போது முதலில் வெறும் தண்ணீரால் கோடுவரை நிரப்பிவிட்டு, பிறகு 20 லிட்டரை எடுத்து, தூள் கலந்த கேனை ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை சொட்டுவிட்டுப் பார்த்தால் எண் அசையாமல் நிற்கும்.

உரத்துக்கும் உரக்கடையே போதும். 13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட், 0-52-34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். முன்னது 10 கிராம், பின்னது 1 கிராம், அரை லிட்டர் கேன் தண்ணீரில் கரைத்து வாரம் 25 மில்லி ஊற்றினால் இரண்டடித் தொட்டிக்கு நைட்ரேட் 5 மில்லிகிராம் அளவுக்கும் பாஸ்பேட் அரை மில்லிகிராமுக்குச் சற்று மேலும் ஏறும். கார்பன் டை ஆக்சைடு உருளை இல்லாத தொட்டிக்கு இதுவே நிறைவு. 19-19-19 பக்கம் போகாதீர்கள், அதில் யூரியாவும் அம்மோனியமும் உண்டு.

போட்டது சரியா என்பதை இலை சொல்லும். புதுத் தளிர் முறுக்கிக்கொண்டு, நுனி கருகி, சிறுத்து வந்தால் கால்சியம் போதவில்லை. வாளி அடியில் வண்டல் தங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம். தளிர் வெளிறினால் இரும்பு, நுண்ணூட்டம் தேவை. பழைய இலை மொத்தமாக மஞ்சளானால் நைட்ரஜன். இந்தக் கடைசி இரண்டுக்காகவும் ஈக்விலிப்ரியத்தைக் கூட்டிப் போடுகிறவர்கள் உண்டு, அதனால் எந்தப் பயனும் இல்லை. ஓடு வெளுத்துக் குழிவிழும் நத்தையும் தோலுரிக்க முடியாமல் சாகும் இறாலும் தாதுக் குறையைச் செடிக்கு முன்பே காட்டிவிடும். நியோகாரிடினா இறால் வைப்பதென்றால் ஜிஎச் 6 முதல் 8 வேண்டும். அதற்குக் கிணற்றுக் கலவையோ கையால் கலந்த சல்பேட்டோ பொருந்தும், இந்தத் தூளை அந்த உயரத்துக்கு ஏற்ற வேண்டாம்.

வாங்கும்போது 600 கிராம் டப்பா கிராம் கணக்கில் மலிவாகத் தெரியலாம், ஆனாலும் 300 கிராமையே எடுங்கள். நம் கடற்காற்றில் ஈரம் அதிகம், திறந்த டப்பாவில் தூள் கட்டிதட்டும். கட்டிதட்டினால் பொருள் கெட்டுவிடாது. ஆனால் ஈரம் ஏறிய தூளில் எடையும் பொய் சொல்லும், கரண்டியும் பொய் சொல்லும். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள்; சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடியை இறுக்கி, தொட்டிக்குக் கீழே அல்லாமல் வேறு அலமாரியில் வையுங்கள். தொட்டி நிற்கும் தாங்கி இரும்பென்றால் உப்புக் காற்று அதையும் தின்னும். செங்கல் கட்டி மேலே கடப்பாக்கல் போட்டுவிடுவது நல்லது. இரண்டடித் தொட்டி சரளையோடு 80 கிலோ வரை வரும், துருப்பிடித்த காலில் அதை நிறுத்தக் கூடாது.